நிமிஷத்துக்கு எத்தனை சுற்று

உத்தமனுக்குக் கோபம் வந்தால் முதல் அடி சுவிட்சுக்குத்தான். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து அணைப்பான். ஒருமுறை சுவிட்சுப் பலகையே பெயர்ந்து கையோடு வந்தது. அதைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். நாகர்கோவில் பக்கத்து ஆள், ஹவுராவில் ரயில்வே பட்டறை ஃபிட்டர். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, மனைவி பட்டுவோடும் பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தையோடும் குடியிருந்தான். நான் வைத்தியநாதன், வங்கி குமாஸ்தா, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். உத்தமனை முரடன் என்று என் மனைவி மாதவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். யார் முரடன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1996 ஏப்ரல். வெயில் மண்டையைப் பிளந்தது. மெயின் ஃபியூஸ் வாரத்துக்கு இரண்டு தடவை போனது. வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரும் கையுமாக வந்து உத்தமன் வாசலில் கூச்சல் போட்டார். போன மாதம் அவன் மீட்டரில் நூற்றைம்பது யூனிட். ராத்திரி பகலாக ஓடும் ஃபேன்தான் காரணம், அதை நிறுத்து, இந்த மாதம் எண்பதைத் தாண்டினால் லைனையே வெட்டிவிடுவேன் என்றார். உத்தமன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினான். நாலு பேர் இழுத்துப் பிரித்தோம்.

குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேன் நின்றால் தொண்டை கிழிய அழும். "எம்பிள்ளைக்க ஃபேன்ல எவனும் கை வைக்கப்பிடாது. எது தின்னுதுன்னு நான் காட்டுதேன்" என்றான்.

காட்டுவதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மாடிப்படிக்கு அடியில், மீட்டர்க் கண்ணாடிக்குள் சுழலும் தட்டு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். அறுநூறு சுற்றுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே போட்டிருந்தது. சமையலறை முற்றத்தின் மறுகோடியில் இருந்ததால், எதைப் போட்டாளோ அதன் பெயரைப் பட்டு அங்கிருந்து கத்திச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். சந்து முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் இரண்டு வீடுகளில் திருடர்கள் மீட்டர்க் கம்பியை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லோரும் கட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தோம். உத்தமன் சட்டையில்லாமல், ஒட்டடைக்குப் பயந்து தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றி, கக்கத்தில் டார்ச்சோடு படிக்கு அடியில் நுழைந்திருந்தான்.

பட்டு "ஃபேன்" என்றிருக்கிறாள். "லைட்டு", "இஸ்திரி" என்றும் கத்தியிருக்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை, அப்படியொரு தூக்கம். அடுத்து சோறு பொங்கும் ஹீட்டரைப் போட்டாள். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயரே சோறுதான். "சோறு!" என்றாள். தட்டு சுற்றிய வேகத்தில் அவனுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. "எதப் போட்ட? இன்னொருக்க சொல்லு!" என்றான். அவள் எரிச்சலில் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "சோறு! சோறு!"

அவர்கள் ஊரில் 'ச'வை அழுத்தித்தான் சொல்வார்கள். வங்காளத்தில் திருடனை அழைக்கும் 'ச்சோர்' என்ற சொல்லிலும் அதே அழுத்தம். அக்கம்பக்கத்து வங்காளிகளுக்குத் தமிழ் தெரியாது, விடுங்கள். எனக்குத் தெரியுமே! ஆனால் எங்கள் வீட்டில் சாதம் என்போம். பிறந்ததிலிருந்து தெருவில் கேட்டது ச்சோர். கதவுக்கட்டையை உருவிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் யாரும் வரவில்லை.

குனிந்திருந்த முதுகில் முதல் அடியை நான்தான் போட்டேன். "ஐயோ அம்மா" என்றான். என் காதில் விழுந்தது. விழுந்தும் கை இறங்கியது, இந்தத் தடவை அவன் இடது காதில். அதற்குள் சந்தே உள்ளே புகுந்துவிட்டது. செருப்பு, குடைக்கம்பு, கிரிக்கெட் மட்டை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டு ஓடிவந்து அவன் மேல் விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு விழுந்த பிறகுதான் துண்டு அவிழ்ந்து முகம் தெரிந்தது.

விலா எலும்பு இரண்டு முறிந்தது. இடது காது போயே போய்விட்டது. சந்துக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டார்கள். நான் போனேன், பழம் கொடுத்தேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. யார் அடித்தது என்று அவனுக்குத் தெரியாது என்ற தைரியம்தான்.

வீட்டுக்காரர் கெடுவைத் தளர்த்தவில்லை. உத்தமன் திரும்பி வந்தபோது மாதம் முடிய ஒன்பது நாள். மீட்டர் ஐம்பத்தெட்டு யூனிட்டைத் தொட்டிருந்தது. கீழே போனேன். அன்று சுற்றுகளை எண்ணி எழுதிய தாள் அவன் மடியில் இருந்தது. ஃபேன், லைட்டு, இஸ்திரிக்கு எதிரே எண்கள். 'சோறு' என்பதற்கு எதிரே காய்ந்த ரத்தம்.

"நான் எண்றேன். நீங்க உக்காருங்கோ" என்றேன்.

கைக்கடிகாரத்தோடு படிக்கு அடியில் நுழைந்தேன். முதுகு கூசியது. தட்டு விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது, பட்டுவின் குரல் மட்டும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உத்தமன் விலாவைப் பிடித்தபடி எழுந்து முற்றத்தின் நடுவில் வந்து நின்றான். "சோறு!" என்று கத்தினான். மறுபடியும், சந்துக்கே கேட்கும்படி, "சோறு!" ஜன்னல்கள் திறந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை.

நிமிஷத்துக்குப் பதினைந்து சுற்று. ஃபேனுக்கு ஒரு சுற்றுக்கே ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. தினம் இரண்டு மணி நேரம் ஹீட்டர் என்றால் அது மட்டுமே மாதம் தொண்ணூறு யூனிட். உத்தமன் ஹீட்டரைப் பிடுங்கி, கல்லில் அடித்துச் சுக்குநூறாக்கினான். காஸ் இணைப்புக்கு எழுதிவைத்து மூன்று வருஷமாகியும் அவனுக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே எங்களுடைய இரண்டாவது சிலிண்டரைக் கீழே இறக்கினேன். அந்த மாதம் மீட்டர் எழுபத்துநாலில் நின்றது. ஃபேன் ஒரு நாளும் நிற்கவில்லை.

அன்று நான் சிலிண்டரை வைத்துவிட்டுத் திரும்பும்போது உத்தமன் கேட்கும் காதை என் பக்கம் திருப்பினான்.

"மொத அடி ஒங்களுக்கதுதானே சார்?"

"ஆமா. ச்சோர்னு கேட்டுது."

"சரி, அது போட்டும். ஐயோ அம்மான்னேனே, அது எப்படிக் கேட்டுது?"

"தமிழ்லதான் கேட்டுது" என்றேன்.

அவன் கை ஓங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். பளாரென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது இருட்டாக இருந்தது. சுவிட்சை அறைந்துவிட்டு அவன் உள்ளே போயிருந்தான்.