மதகுக்கு மேலே மூன்று விளக்கு

வீட்டைப் பார்க்கிற வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஆனால் ஒழுங்கையில் எது உடைந்தாலும், "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று நம்மைத்தான் அரசாங்கக் கந்தோருக்கு அனுப்புவார்கள். உங்களுக்குத் தெரியாததா?

யாருடைய சல்லி

மழையில் எங்கள் குண்டசாலை ஒழுங்கையின் வாசலில், வாய்க்காலைக் கடக்கிற மதகு பாதி இறங்கிவிட்டது. அதிகம் அடிபட்டவள் பக்கத்து வீட்டு ரிஹானா. கண்டி டவுன் கடைகளுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டுகிறவள். வேன் உள்ளே வராது. த்ரீவீலில் போனால் குழம்பு பாதி சீட்டுக்குத்தான். அவளுக்காக நான் பிரதேச சபைக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கதிரை போட்டு, டீ கொடுத்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "திருத்துற அதிகாரம் எங்ககிட்ட இருக்கு மிஸ், சல்லி மாகாணத்துக்கிட்ட இருக்கு."

பெயர் எழுதி வந்த பணம்

மாகாணக் கந்தோரில் கொன்வென்ட் இங்கிலீஷை எடுத்துவிட்டேன். பலனில்லை. கொழும்பிலிருந்து பணம் வந்திருக்கிறதாம், ஆனால் தெருவிளக்குக்கு மட்டும்தானாம். வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுமாம். "எங்களுக்கு விளக்கு வேண்டாம், மதகுதான் வேணும்" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த, என் வயதேயுள்ள மனுஷன் சொன்னான்: "வேணும், வேணாம்னு சொல்ல உங்ககிட்ட யாரும் கேக்கல்லையே, அன்ட்டி."

வெளிச்சம்

டிசம்பரில் விளக்குகள் வந்தன. மூன்று. மூன்றும் மதகுப் பக்கமாகவே. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பள்ளத்தின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. சோற்றுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் ஓரமாக நடந்த ரிஹானா, என்னைப் பார்த்துச் சிரித்தாள்: "இனிப் பயமில்ல அக்கா, எங்க விழுறோம்னு பார்த்தே விழலாம்."

கடைசிப் பார்சல்

சோறு பிந்திப் பிந்திப் போனதில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பசி காத்திருக்குமா? போன மாதம் ரிஹானா பெரிய சட்டிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கலகெதரயில் கூடப்பிறந்த நானா வீட்டோடு போய்விட்டாள். போகும்போது எனக்கென்று ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தாள். "இன்னும் ஒருக்கா கந்தோருக்குப் போய்ப் பார்க்கிறேன்டி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "போங்க அக்கா, ஆனா எனக்காகப் போகாதீங்க, நான் அடுப்பை வித்துட்டேன்."

எங்களுக்கு என்ன தேவை என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்த ஒழுங்கையில் மூன்று விளக்கு குறைந்திருக்கும், ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.