கொப்பியில் ஏறாத பெயர்

சொதியில் தேசிக்காய் பிழிந்தது போல ஒரு வாசம், வெயிலுக்குப் பூசும் ஏதோ களிம்பின் வாசம், அவருக்கு முன்னாலேயே கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. கொழும்பில் உள்ள ஒரு தூதரகத்தின் பெண் அதிகாரி, காணாமற்போனவர்களின் குடும்பங்களைச் சந்திப்பதற்காக ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருந்த எங்கள் கரைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. பங்குத்தந்தை இரண்டு கிழமைக்கு முன்பே பூசையில் அறிவித்திருந்தபடியால், மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, வருபவர் உட்கார வாத்தியார் வீட்டுக் 'கதிரை'யை இரவல் வாங்கி, உடையாத கோப்பை ஒன்றையும் தேடிப்பிடித்து, பெருநாளுக்குப் போலத் தயாராகி இருந்தோம்.

அவர் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வரவில்லை. தமிழைப் புத்தகத்தில் படித்து வந்திருந்தார். "வணக்கம், உங்கள் துயரங்களைக் கேட்க வந்திருக்கிறேன்" என்று அவர் எழுத்தெழுத்தாக உச்சரித்ததும், "றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ கதைக்கிறா" என்று பின்வரிசை வாங்கில் இருந்து ஒருத்தி சொல்ல, அழுவதற்கென்றே வந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. தேநீர் ஆறி ஆடை படர்ந்ததையும் பாராமல், புழுக்கத்தில் முகம் சிவக்கச் சிவக்க, ஒவ்வொருவர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுத் தன் 'கொப்பி'யில் அவர் பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் முறை வந்தது. ஒரு விடியற்காலை வலையிழுத்துவிட்டுக் கரையில் இறங்கிய அப்பாவை யாரோ கூட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். யார், எங்கே என்பதுதான் தெரியவில்லை. அம்மா அப்பாவின் படத்தை எடுத்து மேசையில் வைத்து வாய் திறக்கமுன்னரே அதிகாரி கனிவாகக் கேட்டார்.

"உங்கள் கணவர் தவறிப்போனாரா?"

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனார் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். 'தவறிப்போனார்' என்றுதான் சொல்வார்கள். அம்மா பதறி எழும்பிவிட்டார். "இல்லை! அவர் தவறேல்லை! அவர் இருக்கிறார்!"

"மிக்க மகிழ்ச்சி" என்றார் அதிகாரி. முகமெல்லாம் மலர, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, கொப்பியில் ஒன்றும் எழுதாமல் அடுத்தவரைப் பார்த்தார். எழுதாததை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சில மாதங்களின் பின், அந்த அதிகாரி எழுதிக் கொடுத்த பெயர்ப்பட்டியலின் பிரதி ஒன்று பங்குத்தந்தைக்கு வந்தது. அதில் அப்பா இல்லை. திருத்தி எழுதுவோம் என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார், அம்மா மசியவில்லை.

"எல்லாற்ர பேரும் இருக்கு, இவற்ர பேர் மட்டும் இல்லையெண்டால், இவர் இருக்கிறார் எண்டு அவவுக்கு எங்கையோ தெரிஞ்சிருக்கு, சுவாமி. இல்லாட்டி ஏன் மகிழ்ச்சி எண்டு சொன்னவ? நாங்கள் எழுதிக் குழப்ப ஏலாது."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மா இருந்தார். மற்றப் பெண்கள் திவசமும் பூசையும் ஒப்புக்கொடுக்கத் தொடங்கிய பிறகும், அம்மா பொட்டோடும் தாலியோடும் கோயிலுக்குப் போய் வந்தார்.

படித்து முடித்து நானும் கொழும்பில் ஒரு தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அதிகாரிகள் மூன்று வருடத்துக்கொருமுறை மாறுவார்கள். வருவதும், ஊர்களுக்குப் போவதும், கேட்பதும், திரும்பி வந்து அட்டவணை போடுவதும், பெட்டி கட்டுவதும்தான் அவர்களுடைய வேலை. கெட்ட மனிதர்கள் அல்லர். தமிழ் பழகிக்கொண்டிருந்த புதிய அதிகாரி ஒருவர் ஒருநாள் அகராதியும் கையுமாக என் மேசைக்கு வந்து, "காணாமற்போனார் என்பதற்குத் தவறிப்போனார் என்று சொன்னால் சரியா?" என்று கேட்டார். அன்று மண்டபத்தில் அம்மாவிடம் கேட்டவரும் இதே அகராதியைத்தான் பார்த்திருப்பார். கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன்.

கிழமைதோறும் தொலைபேசியில் பேசியும் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும்?

போன வருடம் அம்மா தவறிப்போனார். அன்றைய மண்டபம் இப்போது இல்லை. அங்கே சேர்ந்திருந்து சிரித்த பெண்களில் பாதிப் பேர் கனடாவில், மீதிப் பேர் சேமக்காலைக் கல்லறைகளில். மரண அறிவித்தல் அடிக்க அச்சகத்தில் இருந்து பேசிய பெண் கேட்டார்: "அப்பாவின்ர பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடவோ, அக்கா?"

"வேண்டாம்" என்றேன்.

அடக்கத்தன்று, வேலணையில் இருந்து அறிவித்தலைப் பார்த்து வந்த தூரத்து உறவினர் ஒருவர், எங்கள் வீட்டுக் கதையொன்றும் அறியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர அப்பர் எங்கை, பிள்ளை? மனுசன் உடைஞ்சு போயிருப்பார், ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போவம்" என்று ஆண்கள் கூடிநின்ற பக்கம் எட்டிப் பார்த்தார்.

நானும் அவரோடு சேர்ந்து அந்தப் பக்கம் பார்த்தேன்.