நாப்பது டிகிரி

ஒற்றைக் காலுறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். கறுப்பா, கருநீலமா? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உலகத்தில் இதைவிட அவசரமான கேள்வி கிடையாது. பக்கத்தில் காப்பி ஆடை கட்டிக்கொண்டிருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி மூன்றாவது முறையாக எட்டிப் பார்க்கிறாள்.

"கறுப்புன்னே வச்சுக்குங்களேன். அது என்ன கோர்ட்டுக்கா போகப் போகுது?"

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் கெட்டுப் போகுது" என்கிறார், மூடிய கண்ணைத் திறக்காமலே. தீர்ப்பு வர இன்னும் ஐந்து நிமிடம் ஆகிறது. கருநீலம். காலுறை உரிய மரியாதையோடு நான்காவது குவியலில் வைக்கப்படுகிறது.

மொத்தம் ஏழு குவியல். வெள்ளைப் பருத்தி, வெளிர் நிறம், அடர் நிறம், நீல வகையறா, துண்டும் விரிப்பும், கம்பளியும் பட்டும். ஏழாவது, சாயம் போகுமோ என்று சந்தேகத்துக்கு உள்ளானவை. சிவப்பு என்றால் விசாரணையே இல்லை, நேராக ஏழாவதுதான். மற்றவற்றுக்கு ஒரு வாய்ப்பு உண்டு: ஈரப் பஞ்சால் ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பார். பஞ்சில் துளி நிறம் தெரிந்தால் போதும், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்பார். யாரிடம் சொன்னார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். எந்தப் புட்டியும் எந்தப் புட்டியோடும் உரசாமல், ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு ஒட்டிக் காப்பாற்றியவர். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கடமை உணர்ச்சிக்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. வீட்டில் அகப்பட்டது அழுக்குக் கூடைதான். பூதக்கண்ணாடி வைத்துச் சட்டையின் உள்சீட்டைப் படிப்பார். மெஷின் கக்கும் தண்ணீரை வாளியில் பிடித்து வெப்பமானியை விட்டுப் பார்ப்பார். மெஷின் சொல்லும் நாற்பது வேறு, உண்மையான நாற்பது வேறு என்பது அவர் கண்டுபிடிப்பு. குடியிருப்பின் மூன்று மாடிக்கும் அவர் 'நாப்பது டிகிரி'தான். நேரில் பார்த்தால் 'சார்'.

இத்தனை பெரிய பொறுப்பு ஒருவர் தலையில் இருக்கும்போது, மெஷினில் போடுவது, எடுப்பது, உதறிக் காயப்போடுவது, மடிப்பது, அலமாரியில் அடுக்குவது போன்ற சில்லறை வேலைகள் இயல்பாகவே மனைவியிடம் போய்ச் சேர்ந்தன. "துவைக்கிறது ரொம்பச் சுலபம். பிரிக்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்" என்பார். அவள் ஏழு சுமையைக் கொடியில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும்போது இதைச் சொல்வார் என்பதுதான் விசேஷம்.

போன மாதம் மகள் வந்தாள். இரண்டு பெரிய பெட்டி. "சும்மா, ஒரு வாரம் இருந்துட்டுப் போலாம்னு" என்றாள். அம்மா நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள். ஞாயிறு காலை இவர் உட்கார்ந்தபோது, மகள் ஒரு பெட்டியை அப்படியே கூடையில் கவிழ்த்திருந்தாள். இவர் பிரிக்க ஆரம்பித்தார். கொளுத்தும் கோடையில் மூன்று கம்பளிச் சட்டை. குளிர்காலக் கையுறை. கல்யாணப் பட்டு. ஆறாவது குவியல் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

ஒரு வாரத்துக்கு வந்தவள் கையுறை எடுத்து வருவாளா?

பிரித்ததை அப்படியே விட்டு எழுந்தார். மகள் அறைக்குப் போய் வாசலில் நின்றார். "அலமாரியில மேல் தட்டைக் காலி பண்ணித் தரட்டுமா?"

"பண்ணுங்கப்பா" என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "காய்ச்சல்ல மூணு நாள் படுத்திருந்தேன்ப்பா. உங்க மாப்பிள்ளை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. எழுப்பி, 'என் நீலச் சட்டையத் துவைச்சியா'ன்னு கேட்டாரு. எத்தனையோ தடவ இப்படித்தான். அன்னிக்கு என்னவோ, போதும்னு ஆயிடுச்சு."

அவர் தலையாட்டினார். திரும்பும்போது பால்கனி தெரிந்தது. அங்கே மனைவி ஈர விரிப்பைத் தனியாக முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய விரிப்பு.

அன்று சாயங்காலம் கொடியிலிருந்த துணியை எல்லாம் அவரே எடுத்து வந்தார். மடிக்கவும் செய்தார். சட்டைகள் பொட்டலம் மாதிரி இருந்தன. வீட்டில் யாரும் கைதட்டவில்லை. மனைவி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தாள். "கிளிப்பை மட்டும் டப்பாவுல போடுங்க. அது தப்பாகாது" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளை வந்தார். சமாதானம் பேச வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், இனிப்பு வாங்கி வருவார்கள். இவர் தோளில் பிதுங்கிய பை ஒன்றோடு வந்தார்.

"ரெண்டு மூணு வாரத் துணி மாமா" என்று நடுக்கூடத்தில் இறக்கினார். "இன்னிக்கு எப்படியும் இவளக் கூட்டிட்டுப் போறேன். அங்க வந்ததும் வராததுமா இவ சிரமப்பட வேண்டாமேன்னுதான் இங்கேயே கொண்டுவந்துட்டேன்."

எவ்வளவு கரிசனம்! மனைவியின் கையில் காப்பித் தம்ளர் அப்படியே நின்றது. மகள் அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'நாப்பது டிகிரி' மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டுங்க மாப்பிள்ளை."

தரையில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். அரை மணி நேரம். மகளின் முகம் வாடிப்போனது. அழுக்குத் துணியைக் கண்டதும் அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

"இந்தக் காலர்ல மசிக்கறை இருக்கு. துவைக்கிறதுக்கு முன்னாடி சோப்புத் தடவி ஊற வைக்கணும்."

"எனக்கு எங்க மாமா அதெல்லாம் தெரியும்?"

"தெரியாட்டி எப்படி? நீங்கதானே துவைக்கப் போறீங்க?"

மாப்பிள்ளை சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்தினார். மாமனாரோ பென்சிலால் துண்டுச் சீட்டுகளில் முப்பது, நாற்பது, அறுபது என்று எழுதி, ஒவ்வொரு குவியலையும் ஒரு துண்டில் சுற்றி, சீட்டைக் கிளிப்பால் குத்திப் பையில் திரும்ப அடுக்கினார். பிறகுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"அவர் துணி அவர்கிட்ட போகுது. நீ என்னம்மா சொல்ற?"

"நான் வரலப்பா."

"இன்னிக்கு வரலியா?" என்றார் மாப்பிள்ளை.

"வரல" என்றாள். இன்றைக்கு, நாளைக்கு என்று எதுவும் சேர்க்கவில்லை.

"மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அவர் எழுந்தார். பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளே பார்த்துக் கழற்றி விடப்பட்டிருந்த மாப்பிள்ளையின் இரண்டு ஷூக்களையும் மாடிப்படியைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.