என் டப்பாவில் இருந்த ருக்மணியின் மாத்திரை

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. நம்மூர் ராயபுரத்தில் ருக்மணி போய்விட்டாள், நெஞ்சுவலியாம். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவளுடைய மாமியார் சொன்னார்: "நல்ல புள்ளதானுங்க. என்ன, கொஞ்சம் சோம்பேறி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்தின் முன்னால் சண்டை போடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் அவளோடு, தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் மேசையில் நின்ற உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தைந்தில் வேலைக்கு வந்தபோது அவள் ஒல்லியாக, துறுதுறுவென்று இருந்தாள். இரண்டு வருடத்தில் முகம் உப்பி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலிலும் குளிருகிறதென்று சேலைக்கு மேல் பனியனைப் போட்டுக்கொண்டு நின்றாள். நாம் சிரித்தோம், நினைவிருக்கிறதா? கம்பெனியில் பறக்கும் பஞ்சு தொண்டையில் அடைத்திருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னோம். பஞ்சுக்கு மருந்து வெல்லம் என்பதுதானே நம் கம்பெனிச் சட்டம். ஆளுக்கொரு துண்டாக ஒரு வருடம் ஊட்டினோம். "வேண்டாமுன்னா உங்க மனசு சங்கடப்படுமுங்க" என்று அவளும் தின்றாள்.

பனியன் பீஸ் கையில் இருக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கும். சூப்பர்வைசர் திட்டுவார். வீட்டிலோ, கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். "ஊட்டுல கண்ண மூடுனா அத்தை பாக்கறாங்க, இங்க மூடுனா நீங்க பாக்கறீங்க. நான் எங்கீங்கக்கா போறது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. அது குறைந்தால் இதயத் துடிப்பு, மாதவிலக்கு, ஞாபகம் எல்லாமே மந்தமாகிவிடும் என்றார். தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும். திரும்பும் பஸ்ஸில் ருக்மணி அழுதாள். "எனக்கு நோவுதானாமுங்கக்கா. சோம்பல் இல்லையாம்."

தினமும் மாத்திரை தின்னும் மருமகளை அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயந்தாள். அதனால் மாத்திரை, மேசையில் நான் பனியன் லேபிள் போட்டு வைக்கும் டப்பாவில் இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்து கை நீட்டுவாள். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கான இன்னொன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். எட்டு மாதத்தில் குரல் திரும்பியது. அந்த வருடமே வயிற்றில் குழந்தையும் தங்கியது.

இனி நான் சொல்வது உங்களில் யாருக்கும் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரை ஆகாது என்று நானே முடிவு செய்தேன். "வேண்டாம் கண்ணு, புள்ளைக்கு ஆகாது" என்று டப்பாவை மூடினேன்.

"டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வரலாமுங்களா?"

"மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

ஐந்தாம் மாதம் கலைந்தது. மாத்திரையை நிறுத்தியே இருக்கக் கூடாது, கர்ப்பத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அடுத்த தை மாதம் அந்த வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாள். ருக்மணி அதே வீட்டில், பின்னாலிருந்த அறையில், கடைசிவரை இருந்தாள்.

கலைந்து பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். மேசைக்கு எதிரே நின்று கையை நீட்டினாள். "குடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். அதன் பிறகு எட்டு வருடம், அவள் போகும்வரை, தினமும் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது நீட்டிய அந்தக் கைதான். அவள் போன பிறகும் அது என் முன்னால் நீண்டுகொண்டேதான் இருக்கிறது.