இலவசப் படம்தானே என்று அழித்தேன்

தேர்வாய் கண்டிகை சாலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இங்குள்ள தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அடையாள அட்டைப் படம் இலவசமாக எடுத்துத் தருவேன். நாளைக்குக் கல்யாண ஆல்பத்துக்கு என்னிடமே வருவார்கள் என்ற கணக்கு. காசு வராத படங்கள்தானே என்று மாதக் கடைசியில் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவேன்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். பைக் விபத்தில் மகன் போய்விட்டான். அவனுடைய செல்போனும் அட்டையும் நசுங்கிவிட்டன.

"நீ புடிச்ச போட்டோலதான் நைனா அவன் சிரிச்சிக்கினு இருந்தான். மால போடணும், பெருசா போட்டுக் குடு."

காசு வாங்காத படம் என்பதால் அழித்துவிட்டதைச் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா டப்பு குடுத்திருப்பேனே நைனா" என்றார்.

இப்போதெல்லாம் இலவசப் படத்தையும் பெயர் போட்டுச் சேமித்த பிறகுதான் பிரிண்ட் எடுக்கிறேன். அந்த வீட்டில் மட்டும் மாலை போட ஒரு படம் இல்லை.