விரல் சேர்த்தல்

லோகநாயகியைப் பற்றிச் சொல்லப் போனாலும் முனியனின் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சல். அவள் புருஷனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. மண்ணூர்பேட்டையில் யாரைக் கேட்டாலும் பிரஸ் மிஷின் எடுத்தது என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது அதிசயமும் இல்லை. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஷெட்டுகள் இருக்கிற வரைக்கும், டீக்கடையில் கிளாஸ் பிடிக்கிற கைகளில் ஒன்றிரண்டு குறையத்தான் செய்யும்.

ஆனால் முனியனின் விரல்களை எடுத்தது மிஷின் இல்லை. லோகநாயகி. அவள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, கழுவி, என் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான். அதனால் இதில் எனக்கு ஊகம் எதுவும் இல்லை.

எங்களுடையது லைன் வீடு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். கல்யாணமாகி அவள் அங்கே வந்த நாளிலிருந்து அந்தச் சுவர் வழியாக நான் கேட்டது அடிச் சத்தம்தான். சாம்பாரில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று அடி. கேட்கப் போன என்னையும் அவன் வாய்க்கு வந்தபடி பேசினான். போலீசுக்குப் போகலாம் என்றால், "உடுக்கா, நாளைக்கி அந்தாளு வெளிய வந்தா இன்னும் சாத்துவான்" என்பாள். கன்னம் வீங்கியிருக்கும், அதோடு குழாயடியில் குடத்துக்கு வரிசை நிற்பாள்.

விரல் போன அன்றைக்கு அடி அவளுக்கு இல்லை. மகள் விஜி அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த குழந்தை. எதையோ தட்டிவிட்டாள். சூடு வைக்கிறேன் என்று அவள் முடியைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்தான் முனியன். பிள்ளை உதைத்துத் திமிறியதில், விழாமல் இருக்க வலது கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். லோகநாயகி மீன் கழுவிக்கொண்டிருந்தவள். "உட்டுடுய்யா, கொயந்தய்யா, உட்டுடுய்யா" என்று கெஞ்சினாள். நான் ஓடி வந்து வாசலில் நின்று இதைக் கண்ணால் பார்த்தேன். அவன் விடவில்லை. அவள் கத்தியை ஓங்கி நிலைப்படி மேலேயே போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனே முந்திக்கொண்டு சொன்னான், "பிரஸ்ல மாட்டிக்கிச்சு டாக்டர்." பொண்டாட்டி வெட்டினாள் என்று சொல்ல அந்த ஆம்பளைக்கு நாக்கு எழவில்லை. இவளும் தலையை ஆட்டினாள். ஜெயிலுக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்கப்புறம் அவன் கை நீட்டவே இல்லை. திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பயந்துவிட்டான். பயந்த ஆம்பளையும் பார்க்கிறதுக்குத் திருந்தின ஆம்பளை மாதிரியேதான் இருப்பான்.

இனி சபைக்கு வருகிறேன். எங்கள் ஏரியாவில் விரல் போனவர்கள் சேர்ந்து ஐவர் சபை என்று ஒன்று வைத்திருந்தார்கள். ரகசிய சபையாம். பழைய மாவு மில் ஷெட்டில் அமாவாசைக்கு அமாவாசை கூடுவார்கள். சிமெண்ட் ஷீட் கூரைக்கு என்ன ரகசியம் தெரியும்? தெரு முழுக்கக் கேட்கும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் "எத்தன?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது மூன்றோ நாலோ, பதில் மட்டும் "அஞ்சும் கீது" என்றுதான் சொல்ல வேண்டும். கை குலுக்கும்போது எதிராளிக்கு எந்த விரல் இல்லையோ, அந்த விரலைத் தானும் மடக்கிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஆனால் யாருக்காவது ஆஸ்பத்திரி, சாவு என்றால் முதலில் வந்து நிற்பவர்களும் அவர்கள்தான். சபைக்காரர் ஒருவர் செத்துப்போனபோது அவர் மனைவி ஞானம்மாளுக்குக் கேன்டீனில் வேலை வாங்கிக் கொடுத்து, மகனையும் ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார்கள். அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

சபையில் சேர்கிறவன் தன் விரல் எப்படிப் போனது என்ற கதையை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மிஷினுக்குக் கொடுத்தவனுக்கு மட்டும்தான் இடம். பட்டாசில் விரல் போன ஒருத்தனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முனியன் போய் உட்கார்ந்து, எப்போதோ மூடிவிட்ட ஒரு ஷெட்டின் பெயரைச் சொல்லிக் கதை சொன்னான். நானும் லோகநாயகியும் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டோம்.

"மேல போன பிரஸ்ஸு அங்கியே நின்னுச்சு மச்சான். என்னயே பாத்துச்சு. பொம்பள மாதிரி பாத்துச்சு. உட்டுடு தாயே, கொயந்த குட்டிக்காரன், உட்டுடுன்னேன். கேக்கல. எறங்கிடிச்சு."

ஷெட்டுக்குள்ளே ஆம்பளைகள் விம்மி விம்மி அழுதார்கள். கையிலிருந்த ஈரத் துணியை லோகநாயகி பிழிந்துகொண்டே இருந்தாள். கெஞ்சினது அவள். அந்தக் கெஞ்சலையும் அவன் எடுத்துக்கொண்டான்.

அந்தக் கதை சபையின் பெருமையாகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைச் சொல்லச் சொல்வார்கள். சபையின் பெரியவர் வீரராகவன் நன்றாகப் படம் வரைவார். அவர் ஒரு பெரிய சிவப்புத் துணியில் சபையின் சின்னத்தை எழுதினார். நடுவில் விரித்த கை, உள்ளங்கையில் ஒரு கண், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு சுடர். சுற்றி வேப்பிலை. கீழே பிரஸ் மிஷின். முனியன் சொன்ன மாதிரியே அதற்குப் பொம்பளை முகம், மூக்குத்தி, வெளியே நீட்டின நாக்கு. யாராவது சபைக்காரர் செத்தால் பிணத்தைச் சுற்றி அந்தத் துணியைத்தான் மறைப்பாகப் பிடிப்பார்கள். ஞானம்மாள் வீட்டுச் சாவில் அதை முதல்தடவை பார்த்தபோது லோகநாயகி என் காதில் கேட்டாள், "அக்கா, அது என்ன மாதிரியே கீதுல்ல?"

அந்த மறைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பிற்பாடு ஞானம்மாளே சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் திருவேற்காடு கோயிலில் வரிசையில் நின்றபோது, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே சொன்னாள். சபையில் ஜெகதீசன் என்று ஒரு தச்சர் உண்டு. அவருக்கும் ஒரு கட்டை விரல் இல்லை. புதிதாக ஒருத்தன் சேர்ந்தால், அவனிடம் இல்லாத விரல்களைப் பூவரசங்கட்டையில் செதுக்கி, நகம்கூட எழுதி, ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார். அவன் செத்ததும் வெளியே எடுப்பார்கள். பொண்டாட்டிதான் அதைச் சிவப்புக் கயிற்றால் பிணத்தின் கையில் கட்ட வேண்டும். இதற்கு விரல் சேர்த்தல் என்று பேர். போகிற இடத்துக்கு ஆம்பளை முழுக் கையோடு போய்ச் சேர வேண்டுமாம்.

ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கியதும் லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாளுக்குக் கை முழுசா ஆயிட்டா, நானும் அங்க போம்போது இன்னா பண்ணுவேன்க்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. செத்த பிறகு எந்த ஊர், எந்தத் தெரு என்று கேலி செய்யப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் இருமினால்கூட அவளுக்குத் தூக்கம் போய்விடும். புருஷன் சாகக் கூடாது என்று அப்படி வேண்டிக்கொண்ட பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை. ஆசையால் இல்லை. அந்த டிரங்குப் பெட்டி திறந்துவிடக் கூடாதே என்றுதான்.

போன மாசம் பெட்டி திறந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனியன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஐஸ் பெட்டி, சாமியானா, பூ, எல்லாம் சபை பார்த்துக்கொண்டது. கோவில்பதாகையில் கட்டிக் கொடுத்திருந்த விஜி வந்து காலடியில் உட்கார்ந்தாள். வந்தவன் போனவன் எல்லாம் "தங்கமான மனுசன்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் கேன்டீனில் இடம் பேசியிருக்கிறோம் என்று வீரராகவன் என்னிடம் தனியாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது.

எடுக்கிற நேரம் வந்தது. நாலு பேர் வெளியே பார்த்துத் திரும்பி நின்று சிவப்புத் துணியைச் சுற்றிப் பிடித்தார்கள். உள்ளே லோகநாயகி, விஜி, வீரராகவன், ஜெகதீசன். அவளைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொம்பளை வேண்டும் என்று என்னையும் விட்டார்கள். ஜெகதீசன் பெட்டியிலிருந்து இரண்டு விரல்களை எடுத்தார். அச்சு அசல். நகத்தில் அழுக்குகூட இருந்தது. வீரராகவன் சபை வழக்கப்படி கேட்டார்.

"எடுத்தது யாரு?"

மிஷின் என்று சொல்ல வேண்டும். கொடுப்பது யார் என்று அடுத்த கேள்வி வரும். அண்ணன் தம்பிகள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஞானம்மாள் எல்லாம் சொல்லியிருந்தாள். நான் லோகநாயகியின் முதுகைத் தட்டினேன். சொல்லித் தொலையேன், கேன்டீன் வேலை கிடைக்கும், வயசான காலத்துக்குச் சோறு கிடைக்கும் என்றுதான் நினைத்தேன்.

"நாந்தான்" என்றாள்.

ஜெகதீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லா பொம்பளயும் அப்டித்தான் நெனப்பீங்க அண்ணி. அன்னிக்கி வேலைக்கி அனுப்பாம இருந்திருந்தா போயிருக்காதேன்னு. உங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல. மிஷின்னு சொல்லுங்க."

"மிஷினு இல்லங்க. மீன் அறுக்குற கத்தி. ஊட்டு நெலப்படி மேல வெச்சு நாந்தான் வெட்னேன். என் கொயந்தைக்கு சூடு வெக்க இட்டுகினு போனான், வெட்னேன். இத அவன் கையில வெக்காதீங்க. உங்க காலுல உயறேன்."

துணியைப் பிடித்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு எத்தனை தடவை அழுதவர்கள்! வீரராகவன் அவளைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், தன் கையால் எழுதிய படத்தைப் பார்த்தார். அப்புறம் தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"மிஷின்னு சொல்லிட்டாங்க! கட்டுங்கப்பா!"

லோகநாயகி கட்ட மாட்டேன் என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பொண்ணு கட்டட்டும்" என்று விஜியிடம் நீட்டினார்கள். விஜி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் ஜெகதீசனே குனிந்து கட்டினார். அவருக்கும் கட்டை விரல் இல்லையே. முடிச்சு சரியாக விழவில்லை. மேலே மாலையைப் போட்டு மூடினார்கள்.

துணியை எடுத்தார்கள். பொம்பளைகள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தோம். கடைசியாக லோகநாயகி. ஒரு பிடி அரிசியோடு மாலை மேல் விழுந்து, அதுவரைக்கும் அழாதவள் ஓவென்று அழுதாள். எழுந்தபோது அரிசி போட்ட கை மூடியே இருந்தது. மூடின கையில் சிவப்புக் கயிறு நுனி தெரிந்தது. நான் என் முந்தானையால் அதை மறைத்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். மேளக்காரர்கள் அடிக்க, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்கட்டில் செங்கல் அடுக்கி, வந்தவர்கள் குளிக்க அண்டாவில் தண்ணீர் காயவைத்திருந்தோம். விஜி அம்மாவின் கையைப் பிரித்துப் பார்த்தாள்.

"அப்பான்னா உனக்கு உசுருடி. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் லோகநாயகி.

"அன்னிக்கி நானும் அங்கதானம்மா இருந்தேன்" என்றாள் விஜி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சபைக்காரர்களுக்கென்று நாற்காலி போட்டிருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. கேன்டீன் பேச்சும் அதோடு போயிற்று. அவன் சொன்ன பொய்யை வருஷக்கணக்காக அழுதுகொண்டே கேட்டவர்களுக்கு, அவள் ஒரே ஒரு தரம் சொன்ன உண்மை தொண்டையில் இறங்கவில்லை. நன்றாக இருக்கட்டும்.

பந்தல் பிரிக்கிற நேரத்தில் ஜெகதீசன் மட்டும் வந்தார். உள்ளே வரவில்லை. சுடுகாட்டில் மாலையை எடுத்தபோது, கட்டின விரல்கள் காணாததைப் பார்த்துவிட்டார்களாம். யாரும் யாரிடமும் பேசாமல் எரித்துவிட்டு வந்தார்களாம். சேர்க்காத விரல் வெளியே கிடந்தால் அது இன்னொருத்தன் விரலைத் தேடும் என்று சபையில் பயப்படுகிறார்கள். நேற்று யாரோ ஒருத்தன் வேலைக்கே போகவில்லையாம்.

"அத குட்துடுங்க அண்ணி. அது சபைது. நாங்க எடுத்துகினு போயி அவரு சாம்பலோட சேத்துடறோம்" என்று கையைக் கூப்பினார்.

லோகநாயகி அவரை உட்காரச் சொன்னாள். டீ வேண்டுமா என்று கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்கே அடுப்புல வெச்சுட்டன்பா. அந்த வெந்நியதான் நானும் எம்பொண்ணும் தலைக்கி ஊத்திகினோம்."