சபைக்கு வந்த அப்பா

சூர்யகலா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், அவள் அப்பா சடையப்பன் சேத்துப்பட்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார். ஆரணியிலேயே அம்மா குணசுந்தரி அடுத்தவர் தறியில் கூலிக்குப் பட்டு நெய்து அவளை வளர்த்தாள்.

அப்பன் இல்லாத பெண்ணுக்குத் தெருவில் இருந்த ஆம்பளைகள் எல்லாருமே அப்பன் ஆனார்கள். டியூஷன் விட்டு வரத் தாமதமானால் விசாரணை, துப்பட்டா விலகினால் அதட்டல். பத்தாவது படிக்கும்போது கூடப் படித்தவனோடு சிரித்துப் பேசியதற்காக எதிர்வீட்டு மாணிக்கவேல் நடுத்தெருவில் அவளை அறைந்தார். ஓடிவந்த அம்மா, "நீங்களாவது கண்டிக்கிறீங்களே" என்று அவரைக் கும்பிட்டாள். அறையைவிட அந்தக் கும்பிடுதான் அவளுக்கு வலித்தது. அதன்பிறகு அவள் யாருக்கும் தணிந்து பதில் சொன்னதில்லை.

படிப்பு முடிந்ததும் செய்யாரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள். தேசூரிலிருந்து பார்த்திபன் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் தகப்பன் இருக்கவேண்டும் என்று அவர்கள் சொன்னதும், மாணிக்கவேல் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சடையப்பனைப் போய் அழைத்துவந்தார்.

சபைக்கு வந்தவளுக்கு, புது வேட்டியோடு ஜமுக்காளத்தில் இருந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த முகத்தில் தன் மூக்கைப் பார்த்ததும்தான் யாரென்று புரிந்தது.

"நல்லா கீறியாம்மா?" என்றார் சடையப்பன்.

"இத்தினி வருசம் இல்லாதவரு இப்ப இன்னாத்துக்கு வந்து குந்திகினு இருக்கீங்க? எழுந்து போங்க."

மாணிக்கவேல் கையை ஓங்கினார்.

"இந்த வாட்டி மேல கை பட்டா போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றாள். கை இறங்கியது.

சடையப்பன் தலை நிமிராமல் வெளியேறினார். மாப்பிள்ளை வீட்டாரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்திபன் காத்திருந்தான். அன்று அவள் பேசியது சரிதான் என்றான். வீட்டில் சம்மதிக்காவிட்டாலும் அவளைத்தான் கட்டிக்கொள்வானாம்.

"நாளைக்கு நீங்களும் உட்டுட்டுப் போமாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?"

அவன் அம்மாமேல் சத்தியம் செய்தான். சத்தியம் என்றதும் அவள் முகம் இன்னும் இறுகியது. சடையப்பனும் நிறையச் சத்தியம் செய்துகொடுத்தவர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

செய்யார் வரும்வரை பார்த்திபன்மேல் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்கப் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரமும் சடையப்பன்மேல்தான் போனது.